2024 நவம்பர் பாண்டு வாக்கெடுப்பு: ஓட்டு இல்லாத நான் சிவிக் அசோசியேஷனில் கை தூக்கலாமா?

புது வீட்டுக்காரன்:

வணக்கம். வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் கவுண்டியில், கொலம்பியா பைக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு டவுன்ஹவுஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. சொத்து வரி என்று தனியாக எதையும் கட்டியதில்லை. வரிக்கென்று மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து போய்விடும், நானும் கண்டுகொள்ள மாட்டேன். போன மாதம் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம். எஸ்க்ரோவில் துண்டு விழுகிறதாம், இனி மாதம் 55 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டுமாம். தோண்டிப் பார்த்தால், போன வருடம் 6 லட்சத்து 70 ஆயிரம் டாலர் என்று போட்டிருந்த வீட்டு மதிப்பை இந்த வருடம் 7 லட்சம் ஆக்கியிருக்கிறார்கள். வீட்டில் நான் புதிதாக ஓர் ஆணி கூட அடிக்கவில்லை.

இந்தக் கடுப்போடுதான் செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதி சிவிக் அசோசியேஷன் (குடியிருப்போர் சங்கம்) கூட்டத்துக்கு முதல் தடவையாகப் போனேன். ஆரம்பப் பள்ளி நூலகத்தில் கூட்டம். குழந்தைகள் உட்காரும் நாற்காலி, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. மொத்தம் பதினான்கு பேர், என்னைத் தவிர எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. நவம்பர் தேர்தலில் ஜனாதிபதி ஓட்டோடு சேர்ந்து வரும் பாண்டு கேள்விகளுக்கு (கவுண்டி கடன் பத்திரம் விற்றுக் கடன் வாங்கலாமா என்ற கேள்விகள்) ஆதரவா எதிர்ப்பா என்று அடுத்த மாதம் தீர்மானம் போடப் போகிறோம் என்றார் தலைவர் அம்மா. உடனே ஒரு பெரியவர் எழுந்து மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார். கடன் வாங்கினால் வரி ஏறும், அதனால் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' போடுங்கள் என்று அதில் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவோ, பாண்டால் வரி ஒரு செண்ட் கூட ஏறாது என்று அடித்துச் சொன்னார். இருவருமே முப்பது வருடமாக இங்கே இருப்பவர்கள்.

யார் சொல்வது சரி? என் 55 டாலருக்கும் இந்த பாண்டுக்கும் சம்பந்தம் உண்டா? கேள்விகளில் ஒன்று மெட்ரோவுக்கும் போக்குவரத்துக்கும் என்கிறார்கள். மெட்ரோ ரயில் எங்கள் வீட்டுப் பக்கமே வராது, நாங்கள் கவுண்டி விடும் ஆர்ட் 41-ஆம் எண் பேருந்தை நம்பி இருக்கிறவர்கள். கடைசியாக ஒன்று. மனைவிக்குப் போன வருடம் குடியுரிமை கிடைத்துவிட்டது, அவள் ஓட்டுப் போடுவாள். எனக்கு கிரீன் கார்டுதான். ஓட்டே இல்லாதவன் அந்தக் கூட்டத்தில் கை தூக்கலாமா, அல்லது வாயை மூடிக்கொண்டு பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் மரியாதையா?

வாடகைவாசி:

நான் பால்ஸ்டனில் வாடகைக்கு இருப்பவன். நீங்கள் ஆம் போட்டாலும் இல்லை போட்டாலும் வரி ஏறும், வீட்டுக்காரர் அதை என் தலையில் ஏற்றுவார். இது எனக்குத் தெரிந்த பொருளாதாரம்.

உங்கள் கொலம்பியா பைக்கிலேயே உதாரணம் இருக்கிறது. 2013-இல் வால்டர் ரீட் டிரைவ் சந்திப்பில் ஒரே ஒரு பேருந்து நிறுத்தம் கட்டினார்கள். 'சூப்பர் ஸ்டாப்' என்று பெயர். செலவு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். அழகான கண்ணாடிக் கூரை, ஆனால் மழை வந்தால் ஒதுங்க முடியாது, வெயில் அடித்தால் நிழல் கிடையாது. நாடே சிரித்தது. அப்படிப்பட்டவர்கள் கையில் இன்னும் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டுமா? எனக்கு ஓட்டு இருக்கிறது. போன தடவை அந்தக் கேள்விகள் இருந்த பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

பைக்கோர அக்கா:

தம்பி, 2002-இலிருந்து நான் பைக் ஓரத்தில்தான் இருக்கிறேன். (ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு: பைக் என்றால் வண்டி இல்லை, சாலையின் பெயர்.) ஒரு சிவிக் அசோசியேஷனில் ஆறு வருடம் செயலாளராக இருந்து மினிட்ஸ் எழுதியவள். அந்தக் குட்டி நாற்காலிகளை எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் 55 டாலரை முடித்துவிடுவோம். கோபம் முழுக்க அதில்தான் இருக்கிறது, அதற்கும் நவம்பர் பாண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போன வருடம் நூறு டாலருக்கு 1.030 டாலர் வீதம், 6 லட்சத்து 70 ஆயிரத்துக்கு 6,901 டாலர் வரி. இந்த வருடம் 1.033 வீதம் 7 லட்சத்துக்கு 7,231. வித்தியாசம் 330. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் இருபத்தேழரை டாலர். அப்படியானால் 55 எப்படி வந்தது? அவர்கள் உங்களிடம் பழைய கணக்கில் வசூலித்துவிட்டு, கவுண்டிக்குப் புதிய கணக்கில் கட்ட வேண்டியிருக்கிறது. கையிலிருந்து போட்ட 330-ஐயும் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் உங்களிடமிருந்து எடுக்கிறார்கள். ஆக பாதி புது வரி, பாதி பழைய பாக்கி. பாக்கிப் பாதி ஒரு வருடத்தில் கழன்றுவிடும்.

அந்த 330-ஐயும் பிரித்துப் பாருங்கள். விகிதம் ஏறியதால் வந்தது 21 டாலர். மதிப்பு ஏறியதால் வந்தது 309. உங்கள் கோபம் போக வேண்டிய முகவரி எது என்று இப்போது தெரிகிறதா? ஆனால் விகிதம் கொஞ்சம்தான் ஏறியது என்று நிம்மதிப்படவும் வேண்டாம். 2023-இல் 1.013 அடிப்படை வரி, அதோடு மழைநீர் வடிகாலுக்கு 0.017, சேர்த்து 1.030. இந்த வருடம் மழைநீரைத் தனிக் கட்டணமாகப் பிரித்துவிட்டு வரியை 1.033 ஆக்கினார்கள். அந்தக் கட்டணம் வீட்டு மதிப்பைப் பார்க்காது. கூரையும் சிமெண்டுத் தரையும் எவ்வளவு மண்ணை மூடியிருக்கின்றன என்று பார்க்கும். உங்கள் கடிதத்தில் சரியாக 55 என்று வருவதைப் பார்த்தால் அதை இன்னும் சேர்க்கவில்லை போலிருக்கிறது. அதற்கும் தயாராக இருங்கள்.

ஆணி அடிக்காமலே மதிப்பு எப்படி ஏறும் என்று கேட்டீர்கள். ஜனவரி 1-ஆம் தேதி உங்கள் வீட்டைச் சந்தையில் விற்றால் என்ன விலை போகும் என்பதுதான் மதிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல விலைக்கு விற்றால் உங்களுக்கும் ஏறும். ஜனவரியில் நோட்டீஸ் வரும். தவறாகப் பட்டால் அப்போதே முறையிட வேண்டும், கெடு முடிந்த பிறகு புலம்பிப் பயன் இல்லை. பிறகு கவுண்டியை நடத்தும், மக்கள் தேர்ந்தெடுத்த கவுண்டி போர்டு, இந்த வருடம் அதிகபட்சம் இவ்வளவு விகிதம்வரை போவோம் என்று அறிவிக்கும். அறிவித்த எண்ணுக்குக் கீழே இறங்கலாம், மேலே போக முடியாது. அப்புறம் பொதுமக்கள் பேசும் கூட்டம். ஏப்ரலில் முடிவு. பணம் ஜூன் 15-லும் அக்டோபர் 5-லும் இரண்டு தவணையாகப் போகும். இந்த ஏப்ரலில் போர்டு முன்னால் போய்ப் பேசியவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும், அதிலும் மிச்சம் இருக்கும்.

இனி பாண்டு. மஞ்சள் நோட்டீஸ்காரரும் பாதி சொல்கிறார், பக்கத்தில் இருந்த அம்மாவும் பாதி சொல்கிறார். நவம்பரில் கேட்பது, இந்த வேலைகளுக்காக இத்தனை டாலர்வரை கடன் வாங்க அனுமதி தருகிறாயா என்பது மட்டும்தான். 'ஆம்' ஜெயித்த மறுநாள் வரி விகிதத்தில் எதுவும் நடக்காது, அந்த அளவில் அம்மா சரி. ஆனால் கடன் என்றால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அது ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும், பள்ளிக்கூடத்தோடும் தீயணைப்புத் துறையோடும் போட்டி போடும். அந்த அளவில் பெரியவர் சரி.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. என்ன கட்டுவது, எப்போது கட்டுவது என்பதெல்லாம் நவம்பருக்குள் முடிந்துவிட்ட கதை. பத்து வருடத்துக்கான கட்டுமானத் திட்டம் என்று ஒன்று, எல்லோரும் சுருக்கமாக சிஐபி என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோடையில் அதை விவாதித்து, ஜூலையில் நிறைவேற்றுகிறார்கள். நவம்பர் கேள்விகள் அதிலிருந்துதான் பிறக்கின்றன. பாண்டு கேள்வியில் ஆம், இல்லை என்ற இரண்டு வார்த்தைதான் உண்டு. 'என் நிறுத்தத்துக்கு ஒரு கூரை போடு' என்று அந்தத் தாளில் எழுத இடம் கிடையாது.

வாடகைவாசி சொன்ன சூப்பர் ஸ்டாப் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். பைக்கில் டிராம் விடுவதாக ஒரு பெரிய திட்டம் இருந்தது, முப்பது கோடி டாலருக்கு மேல் செலவாகும் என்றார்கள். அதை எதிர்த்த ஜான் விஸ்டாட் என்ற சுயேச்சை 2014 ஏப்ரல் இடைத்தேர்தலில் போர்டு இடத்தைப் பிடித்தார், நவம்பர் தேர்தலில் மறுபடியும் ஜெயித்தார். இரண்டே வாரத்தில், நவம்பர் 18-ஆம் தேதி, போர்டு டிராமைக் கைவிட்டது. அதே தேர்தலில் பாண்டு கேள்விகள் எல்லாம் ஜெயித்தன, கவனித்தீர்களா? டிராமை நிறுத்தியது பாண்டுக்கு விழுந்த 'இல்லை' அல்ல. இரண்டு மூன்று வருடம் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து எழுந்து பேசியவர்களும், அப்புறம் போர்டு இடத்துக்கு விழுந்த ஓட்டும்தான். எனக்கு அந்த டிராம் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். தோற்ற கட்சி நான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கை தூக்குங்கள் தம்பி. சிவிக் அசோசியேஷன் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர்களின் கட்டாயச் சங்கம்) கிடையாது. புல் வளர்ந்தால் அபராதம் போட முடியாது, சந்தா கட்டு என்று மிரட்ட முடியாது. சேர விருப்பப்பட்டால் சேரலாம், அவ்வளவுதான். இந்தச் சின்னக் கவுண்டியில் ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலே 1916-இலிருந்து நடக்கும் சிவிக் ஃபெடரேஷன் ஒன்றும் இருக்கிறது. நான் பார்த்த சங்கங்களில் கேட்பது முகவரியைத்தான், பாஸ்போர்ட்டின் நிறத்தை அல்ல. வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம் (வாடகைவாசி கவனிக்க). உங்கள் சங்கத்தின் விதிகளை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். எத்தனை நாளுக்கு முன் சந்தா கட்டியிருந்தால் ஓட்டு என்று சில இடங்களில் இருக்கும். பத்து டாலர் கட்டாமல் போய் உட்கார்ந்து, கை தூக்கிய பிறகு 'நீங்கள் உறுப்பினரா?' என்று கேட்டால் அசிங்கமாகிவிடும். எனக்கு ஆகியிருக்கிறது.

நடைபாதைக் கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் தெருவில் நடைபாதை நடுவில் பல் விழுந்த மாதிரி நாற்பது அடிக்கு இருக்காது. ஸ்ட்ரோலர் தள்ளுகிறவர்கள் அங்கே சாலையில் இறங்க வேண்டும். அசோசியேஷன் முன்மொழிந்தால் இந்த மாதிரிச் சின்ன வேலைகளைச் செய்ய கவுண்டியில் 1964-இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது, பணம் பாண்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு அக்கம்பக்கத்தார் கையெழுத்து வேண்டும். ஒரு வீட்டம்மா தன் அசேலியா செடி போய்விடும் என்று இரண்டு வருடம் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது வருடம், செடியை நானே தோண்டி உள்ளே நட்டுத் தருகிறேன் என்று மண்வெட்டியோடு போய் நின்றேன். போட்டார். அப்போது எனக்கும் குடியுரிமை இல்லை.

பாண்டு மேசை:

அரசாங்கக் கடன் பத்திரங்களைப் பார்ப்பது என் வேலை, அதனால் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அக்கா சொன்னதில் பெரிய தவறு இல்லை. சில இடங்களைக் கொஞ்சம் இறுக்குகிறேன்.

ஏன் மக்களிடம் கேட்கிறார்கள்? ஆர்லிங்டன் ஒரு கவுண்டி என்பதால். வர்ஜீனியா அரசியல் சாசனப்படி கவுண்டி இந்த வகைக் கடன் வாங்க வாக்காளர் ஒப்புதல் வேண்டும். நகரங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சொத்து மதிப்பில் 10 சதவீதம்வரை நகரமன்றமே முடிவு செய்யலாம். எல்லை தாண்டினால் அலெக்ஸாண்ட்ரியா நகரம். அங்கே இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே ஓட்டுத் தாளில் வருவதில்லை. கடன் மட்டும் வருகிறது.

இந்த வகைப் பத்திரத்துக்கு ஜெனரல் ஆப்ளிகேஷன் பாண்டு என்று பெயர். ஏதாவது ஒரு பாலத்தின் சுங்க வருமானத்தைக் காட்டி வாங்கும் கடன் இல்லை இது. தேவைப்பட்டால் வரி போட்டாவது திருப்பித் தருவோம் என்று கவுண்டி தன் வரி விதிக்கும் அதிகாரத்தையே அடகு வைக்கிறது. அதனால் 'ஒரு செண்ட் கூட ஏறாது' என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 'இதுவரை பட்ஜெட்டுக்குள் அடக்கியிருக்கிறார்கள்' என்று வேண்டுமானால் சொல்லலாம். வருடாந்தர அசல் வட்டி, பொதுச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கவுண்டி தனக்குத் தானே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. மூன்று தர நிர்ணய நிறுவனங்களும் பல வருடமாக டிரிபிள் ஏ என்ற உச்சத் தரம் கொடுப்பதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம். டிரிபிள் ஏ என்றால் வட்டி குறையும். வாங்குகிறவர்களுக்கு இந்த வட்டியில் மத்திய வருமான வரி கிடையாது, வர்ஜீனியாவாசிகளுக்கு மாநில வரியும் கிடையாது. அதனாலும் குறையும்.

இன்னொன்று. அனுமதி வேறு, கடன் வேறு. நவம்பரில் அனுமதித்த தொகையை ஒரே நாளில் வாங்கமாட்டார்கள், வேலை நடக்க நடக்கச் சில வருடங்களாகப் பிரித்து பத்திரம் விற்பார்கள். போன தேர்தலில் அனுமதித்ததில் மிச்சம் இருக்கும். அதனால் 'இல்லை' போட்டால் நாளைக்கே மண்வெட்டியைக் கீழே வைப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம்.

இப்போது மஞ்சள் நோட்டீஸ்காரருக்காக ஒரு வார்த்தை, நம் பக்கத்தில் அவரைக் கிழடு என்று தள்ளிவிடுவார்கள் என்பதால். பொதுவாக இருபது வருடத் தவணையில் கடன் வாங்கி, நாற்பது வருடம் ஓடும் ரயில் பெட்டி வாங்குவது நியாயம். நாளைக்குப் பயணம் செய்கிறவனும் ஒரு பங்கு கட்டட்டும். ஆனால் அதே போக்குவரத்துக் கேள்விக்குள் சாலைக்குத் தார் போடும் செலவும் இருக்கிறது. தார் இருபது வருடம் தாங்குமா? தேய்கிற பொருளைத் தேய்கிற வேகத்தைவிட மெதுவாகக் கட்டினால், ஒரு கட்டத்தில் இல்லாத சாலைக்கு வட்டி கட்டுவோம். இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி.

மெட்ரோ பற்றி: 1967 ஒப்பந்தப்படி பிறந்த அந்த அமைப்புக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. டிக்கெட் பணம் போக மீதியை வாஷிங்டனும் மேரிலாண்டும் வர்ஜீனியாவும் ஊர்வாரியாகப் பங்கு போட்டுத் தருகின்றன. 2018-இல்தான் பராமரிப்புக்கென்று வருடத்துக்கு ஏறக்குறைய 50 கோடி டாலர் நிரந்தரமாக ஒதுக்கினார்கள். வாஷிங்டன் 17.85 கோடி, மேரிலாண்ட் 16.7 கோடி, வர்ஜீனியா 15.4 கோடி. அதற்கு மேல் ஆர்லிங்டன் தர வேண்டிய மூலதனப் பங்குக்குத்தான் பாண்டு. ரயில் உங்கள் தெருவுக்கு வராதது உண்மை. ஆனால் 1979-இல் பால்ஸ்டன்வரை சுரங்கத்தில் ரயில் வந்த பிறகு அந்த நிலையங்களைச் சுற்றி எழுந்த கட்டடங்கள் கட்டும் வரிதான் பல வருடம் உங்கள் வரியைத் தாழ்த்தி வைத்திருந்தது. நெடுஞ்சாலை நடுவே மலிவாகப் போயிருக்க வேண்டிய பாதையை, கடைத்தெருவுக்கு அடியில் போகட்டும் என்று அன்றைக்கு இந்தக் கவுண்டி பிடிவாதம் பிடித்தது. இப்போது அந்த அலுவலகக் கட்டடங்களில் 20 சதவீதத்துக்கு மேல் காலி. வணிகக் கட்டடத்தின் மதிப்பு சரிந்தால் பாரம் வீட்டுக்காரர்கள் பக்கம் நகரும். உங்கள் 309 டாலர் வெறும் வீட்டு விலைக் கதை இல்லை. விகிதம் இறங்க மறுப்பதற்கு அந்தக் காலி மாடிகளும் காரணம். வணிகக் கட்டடங்களிடமிருந்து நூறு டாலருக்கு 12.5 செண்ட் போக்குவரத்துக்கென்றே தனியாக வாங்குகிறார்கள், அதுவும் கூடவே தேய்கிறது.

வாடகைவாசி:

நான் பேருந்து நிறுத்தம் பற்றி நாலு வரி எழுதினேன், நீங்கள் 1967-இலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், வாடகைக்கு இருப்பவனும் சங்கத்தில் சேரலாம் என்பது எனக்குத் தெரியாது. இந்தக் கவுண்டியில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் வாடகை வீடுகள். எங்கள் கட்டடத்தில் ஒரு நோட்டீஸ் கூட ஒட்டியதில்லையே, அது யார் தப்பு?

குடியுரிமை பற்றி ஒரு செய்தி. மேரிலாண்டில் டகோமா பார்க் என்ற சின்ன ஊரில் 1990-களின் தொடக்கத்திலிருந்து குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். புது வீட்டுக்காரர் ஆற்றைத் தாண்டி வாங்கியிருக்கலாம்.

பைக்கோர அக்கா:

யார் தப்பு? எங்கள் தப்புதான். காவலாளியைத் தாண்டி உள்ளே வந்து ஒட்ட விடமாட்டார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டு வாசல்களில் மட்டும் செருகிவிட்டுப் போனோம். ஆறு வருடமும் அதைத்தான் செய்தேன்.

புது வீட்டுக்காரன்:

அக்கா, அந்த 21 + 309 கணக்கைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். 'இரண்டு வருடமாகக் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு இது குறைவுதான்' என்றாள். மழைநீர்க் கட்டணமும் சரியாகவே சொன்னீர்கள், பில்லில் இருக்கிறது, எஸ்க்ரோ கடிதத்தில் இல்லை.

ஒரு சந்தேகம். கூட்டத்தில் ஆம் அல்லது இல்லை என்று மட்டும்தான் தீர்மானம் போட முடியுமா? பாண்டு மேசை சொன்ன தார் விஷயமும் எனக்கு நியாயமாகப் படுகிறது, எங்கள் நிறுத்தத்தில் கூரை இல்லை என்பதும் மனதில் இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு அங்கே தினமும் ஆறேழு பேர் நிற்கிறோம். கம்பம் ஒன்று, குப்பைத் தொட்டி ஒன்று, அவ்வளவுதான். மழை நாளில் எல்லோரும் எதிர்க் கட்டடத்தின் வாசலில் ஒதுங்கி, பேருந்து தெரிந்ததும் சாலையைக் குறுக்கே கடந்து ஓடுகிறோம். ஒரு பாட்டி ஓட முடியாமல் மழையிலேயே நிற்பார், அவருக்காக டிரைவர் கொஞ்சம் காத்திருப்பார்.

பைக்கோர அக்கா:

தீர்மானம் உங்கள் சங்கத்துடையது, அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆதரிக்கிறோம், கூடவே அடுத்த சிஐபியில் இன்ன நிறுத்தத்துக்கு மழைக்கு ஒதுங்கும் கூரையும் ஒரு பெஞ்சும் கேட்கிறோம் என்று ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் மினிட்ஸில் 'போக்குவரத்து பற்றிப் பேசப்பட்டது' என்று போய்விடும். செயலாளர்கள் சோம்பேறிகள், எனக்குத் தெரியும். ஏழரை மணி, ஆறேழு பேர், ஓட முடியாத பாட்டி, இதெல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம் அந்தத் தாளைச் சங்கத்தின் பெயரில் கவுண்டி போர்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நவம்பருக்குப் பிறகும் விடாதீர்கள், ஏப்ரலில் ஒருமுறை, சிஐபி பேச்சு ஆரம்பிக்கும்போது மறுபடி ஒருமுறை.

மஞ்சள் நோட்டீஸ்காரரைக் கூட்டத்துக்கு முன்பே பார்த்துப் பேசுங்கள். அவரைத் தோற்கடிக்க வேண்டிய ஆளாக நினைக்க வேண்டாம். தார் கேள்வியை அவரிடம் கொடுங்கள், உங்களைவிட நன்றாகக் கேட்பார்.

புது வீட்டுக்காரன்:

நேற்றுக் கூட்டம் முடிந்தது. முன்கூட்டியே பதினைந்து டாலர் சந்தா கட்டிவிட்டேன், விதியில் முப்பது நாள் நாற்பது நாள் என்று எதுவும் இல்லை. இந்தத் தடவை பத்தொன்பது பேர். நோட்டீஸ்காரர் ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினியராம், சாலை வேலைதான் பார்த்தாராம்! தார் விஷயத்தை நான் ஆரம்பித்ததுமே என்னை உட்கார வைத்துவிட்டு, எந்தச் சாலைக்கு எத்தனை வருடம் என்று இருபது நிமிடம் பேசினார். தலைவர் அம்மா இரண்டு தடவை மணி பார்த்தார்.

போக்குவரத்து பாண்டை ஆதரிக்கலாமா என்று எடுத்தபோது 11 ஆதரவு, 7 எதிர்ப்பு, ஒருவர் கை தூக்கவில்லை. பெரியவர் எதிர்ப்புதான். நான் ஆதரவுக்குத் தூக்கினேன், கொஞ்சம் கை நடுங்கியது. யாரும் எதையும் கேட்கவில்லை. நிறுத்தத்துக்குக் கூரை என்ற திருத்தம் ஒருவர் கூட எதிர்க்காமல் நிறைவேறியது, வழிமொழிந்தது பெரியவர்! பாண்டு வேண்டாம், கூரை வேண்டும் என்பது எப்படி என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். கூரையைக் கையிலிருக்கும் காசில் போடட்டும் என்றார்.

கூரை வைக்க நடைபாதைக்குப் பின்னால் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று தெரியாமல் கடிதம் அனுப்பினால் முதல் பதிலே 'இடம் இல்லை' என்றுதான் வரும் என்று சொல்லி, இன்று காலை அவரே டேப் கொண்டுவந்தார். ஒரு முனையை நான் பிடித்தேன். சாலைக் கல்லின் விளிம்பிலிருந்து வேலிவரை பதினோரு அடி நான்கு அங்குலம். 41 வருவதற்குள் இரண்டு தடவை அளந்தோம், இரண்டு தடவையும் அதே எண்தான். கடிதத்தில் சேர்த்துவிட்டேன்.